நீளமான கண்

பிள்ளைக் காம்பரா,
மேல் டிவிஷன், லிந்துலை.
09.09.2024

அன்புத் தங்கச்சி மேனகாவுக்கு,

அக்கா எழுதுவது. அம்மா சுகம், முழங்கால் வலியைத் தவிர. நானும் சுகம், கண்ணைத் தவிர. நீ கொழும்புக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மாவின் ஃபோனுக்கு ஒரு வரி வந்தது. எனக்கென்று ஒரு வரி வரவில்லை. எதிர்பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் லயத்து வரிசை வீடுகள் உனக்குத் தெரியாததா? சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் பழனியாண்டி மாமா நூறு வயது என்று வாழ்த்துகிறார். உன் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான், மாப்பிள்ளைக்கும் மாமன் முறை. நான் சொல்லப் போவது அவர் காதில் விழக் கூடாது. அதனால் கொழுந்து பறிக்கப் போனவர்கள் என் பொறுப்பில் விட்டுப்போன பிள்ளைகளை மத்தியானத் தூக்கத்துக்குப் படுக்க வைத்துவிட்டுக் காம்பராவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் இந்த முகவரிக்கே எழுது. தபால் பை தோட்டத்து ஆபீசுக்கு வந்ததும் எனக்குக் கொடுத்தனுப்புவார்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

முதலில் பரிசத்தன்று நடந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, நானாவது திறக்கிறேன். ஒரு மணி நேரம் கண்ணாடியைக் கழற்றி வையுங்கள் அக்கா, இந்தத் தடிமனைப் பார்த்தால் பரம்பரைக் கண் வியாதி என்று நினைப்பார்கள் என்று நீ சொன்னாய். நியாயமாகத்தான் பட்டது, சரி என்றேன். வாசலில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குங்குமம் வைத்துப் பூக் கொடுக்க வேண்டியது வீட்டில் மூத்தவள் வேலை. எனக்குத் தெரிந்தது ஒரு சேலையின் நிறம் மட்டும்தான். அந்த நெற்றியைத் தடவிப் பார்த்து என் கையாலேயே குங்குமம் வைத்தேன். அது மாப்பிள்ளையின் அத்தை. புருஷன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தியதை வைத்துத்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்து, "விடு பிள்ள, ஒன்னுமில்ல" என்றார். மாப்பிள்ளையின் அம்மா என்ன முகம் காட்டினார் என்று எனக்குத் தெரியாது. நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அம்மா சொன்னார். அப்படியென்றால் நான் யாரிடம் போகிறேன் என்பது உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு வெளியில் தலை காட்டவே கூச்சமாக இருக்கிறது. குடத்தோடு தண்ணீர்ப் பீலிக்குப் போனால் பெண்கள் பேச்சை மாற்றுகிறார்கள். சரி, போகட்டும்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். ஆடி மாதம் நம் காம்பராக் கதவு நிலை நடுவில் வளைந்திருப்பதாக எனக்குத் தெரிந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு, நிலை இறங்கிவிட்டது, பிள்ளைகள் தலையில் விழப்போகிறது என்று சத்தம் போட்டேன். அவர் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வலது கண்ணைப் பொத்தினால்தான் நிலை வளைந்தது. கண்டிக்குப் போய்க் காட்டினேன். உன் பரிசம் முடியட்டும் என்றுதான் உனக்குச் சொல்லவில்லை.

அங்கே டாக்டர் ரோகினி என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. பொறுமையாகச் சொன்னார். நம்மைப் போல நம்பர் கூடியவர்களுக்குக் கண் உருண்டையாக நிற்காமல் பின்பக்கமாக நீண்டுகொண்டே போகுமாம். கண் நீளும்போது உள்ளே இருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிந்துவிடும், ஊதிய பலூனின் ரப்பர் மாதிரி. என் கண்ணில் பின்சுவர் புடைத்து, திரைக்குக் கீழே வெடிப்பு விட்டு, அதன் வழியாகப் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறது. அதற்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை.

ஊசி போட்ட பிறகு அவர் கேட்டார்: "உங்களுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ? அவைக்கும் கூடின நம்பரோ?" தங்கச்சிக்கு மைனஸ் ஒன்பது இருந்தது, லேசர் போட்டுச் சரியாக்கிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "லேசர் கண்ணின்ர முன்பக்கத்தைத்தான் செதுக்கும். கண்ணின்ர நீளம் குறையாது. பின்னுக்கு இருக்கிற திரை மெலிஞ்சபடியேதான் இருக்கும். அவவை வருஷத்துக்கு ஒருக்கா மருந்து விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார். கண்ணில் பூச்சி பறந்தாலோ, ஓரத்தில் மின்னல் அடித்தாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டுமாம்.

உனக்குக் கண்ணாடி போய்விட்டது, கண் அதே கண்தான். ஒரு தடவை போய்க் காட்டு. குளிருக்கு இருமல் இருந்ததே, அது எப்படி?

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
19.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் நின்றுவிட்டது. ஊசி போட்ட கதையை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் கண்டிக்கு நான் வந்திருப்பேன். வந்திருப்பேனா என்று யோசித்தால் தெரியவில்லை, லீவு கிடைப்பது கஷ்டம். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பரிசத்தன்று நடந்ததை விடுங்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நான் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டால் எல்லாரும் உங்கள் கண்ணைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் குங்குமத்தை வைத்துவிட்டீர்கள். இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

என் கண்ணைப் பற்றி இனி எழுத வேண்டாம். என் நம்பர் இப்போது பூஜ்ஜியம். லேசர் போட்ட இடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். யோகராஜுக்கு நான் கண்ணாடி போட்டவள் என்பதே தெரியாது. பழனியாண்டி மாமாவும் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாது என்று அங்கே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் ஊரில் கரண்ட் வேலை, குவார்ட்டர்ஸ், நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து ஒரு மணி நேரம் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். இதெல்லாம் எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

உங்களைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்து போனார்கள். கடைசியாக வந்தவர்கள் வாசலில் செருப்பை மாட்டும்போது பேசியதை நான் கேட்டேன். "பொண்ணு நல்ல பொண்ணுதான். நாளைக்கு பொறக்குற புள்ளைங்களுக்கும் இந்தக் கண்ணு வந்துட்டா என்னா பண்றது?" என்றார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, மூக்கில் ஏற்கெனவே கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் என் பெயர் சோடாப்புட்டி. அன்றைக்கே முடிவு பண்ணினேன், அக்காவுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது என்று. எழுதிய பிறகு படித்தால் கொடூரமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

கார்த்திகைக் கல்யாணம் முடியட்டும். பிறகு நீங்கள் சொல்லும் டாக்டரிடமே வருகிறேன்.

அன்புடன்,
மேனகா


லிந்துலை
28.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று பேர் இல்லை, நாலு பேர். நாலாவது ஆளை நான்தான் வேண்டாம் என்றேன். கண்ணாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் வாய் நாறியது. எனக்குக் கண்தான் தூரத்துக்குத் தெரியாது, மூக்கு நன்றாக வேலை செய்கிறது. அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது, சொல்லிவிடாதே.

நீ சொன்னது பொய்யில்லை. என்னைப் பார்த்துத்தான் நீ பயந்தாய் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்த ஒன்றை எழுத்தில் பார்க்கும்போது உடம்பு கூசுகிறது. பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் நான், வளைவு வந்ததும் நீ கையை விட்டுவிட்டு முன்னால் ஓடுவாய். விளையாட்டுக்கு ஓடுகிறாய் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. கதவு நிலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு கறை நிற்கிறது, அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணைப் பொத்தினால் பிள்ளைகளின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வலது கண் இருக்கிறது, அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், தாள் மூக்கில் முட்டுகிறது.

மேனகா, தனியாகப் போ. அவருக்கும் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கும் சொல்ல வேண்டாம். கொழும்பில் யாருக்கு உன்னைத் தெரியும்? மருந்து விட்டுப் பார்த்தால் அரை நாள் கண் கூசும், அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் நான் இனிக் கண் என்ற வார்த்தையையே எழுத மாட்டேன்.

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கூறைச் சேலை எடுத்தாகிவிட்டது. அரக்கு நிறம், ஓரத்தில் பச்சை. அம்மாவுக்கு ஃபோனில் படம் அனுப்பினேன், நீங்கள் பார்த்தீர்களா? உங்களுக்கும் ஒன்று எடுத்திருக்கிறேன், நிறத்தைச் சொல்ல மாட்டேன்.

பூச்சி பறக்கும், மின்னல் அடிக்கும் என்று பயமுறுத்தி எழுதினீர்களே, இப்போது எனக்கும் வந்துவிட்டது. நாலைந்து நாளாக வலது கண்ணில் கரித்தூள் தூவியது போல ஏதோ மிதக்கிறது. கொசு என்று நினைத்து ஆபீசில் கையால் விரட்டினேன், பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் ஓரத்தில் யாரோ டார்ச் அடிப்பது போல இருக்கிறது. தூக்கமில்லாததால்தான் என்று நினைக்கிறேன். அறையில் கூட இருக்கும் ஸஹ்லா, ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிறார்களே அந்த வீட்டுப் பிள்ளை, அவளும் டாக்டரிடம் போகலாம் வா என்று இழுக்கிறாள். கொழும்பில் அவளுக்கு மட்டும்தான் என் பழைய கண்ணாடி பற்றித் தெரியும்.

போகப் பயமாக இருக்கிறது அக்கா. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் யோகராஜிடம் நான் சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். டிசம்பர் எட்டாம் திகதி வரைக்கும் இந்தக் கண் பொறுத்துக்கொண்டால் போதும்.

அன்புடன்,
மேனகா


லிந்துலை
19.10.2024

மேனகா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் ஐந்து நாள் கழித்து இன்றைக்குத்தான் வந்தது, இது உனக்கு வர இன்னும் எத்தனை நாளோ. படித்த உடனே எழும்பி ஸஹ்லாவோடு போ. டார்ச் அடிப்பது தூக்கமில்லாததால் இல்லை. மெலிந்த திரையை உள்ளே இருக்கும் பசை இழுக்கும்போதுதான் அப்படி மின்னுமாம். கிழிந்த புதிதில் பிடித்தால் லேசரால் சுற்றிச் சூடு போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். விட்டுவிட்டால் திரையே கழன்று வந்துவிடும். எனக்குப் போனது நடுப்புள்ளி மட்டும்தான், உனக்கு முழுக் கண்ணும் போய்விடும்.

யோகராஜுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பயப்படுகிறாய். என்னைக் காட்டினால்தானே பரம்பரை என்று சந்தேகம் வரும்? நான் கல்யாணத்துக்கு வரவில்லை. எனக்கு ஊசி போட வேண்டிய நாள், கண்டியில் இருக்கிறேன் என்று அம்மா சொல்லட்டும். பரிசத்தன்று நடந்ததைப் பற்றியும் இனி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எனக்கு எடுத்த சேலையை யாருக்காவது கொடு. நீ ஆஸ்பத்திரிக்குப் போ, அது போதும்.

அக்கா


வெள்ளவத்தை
26.10.2024

அக்கா,

தீபாவளிக்கு நான் வரவில்லை. ஆபீசில் லீவு தரவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதில்லை. வலது கண்ணில் கீழே இருந்து ஒரு கறுப்பு ஏறிக்கொண்டு வருகிறது. முந்தாநாள் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தபோது என் காலடி மட்டும் தெரியவில்லை. இன்றைக்கு மேசையில் இருக்கும் கைகளும் தெரியவில்லை. அசையாமல் படுத்திருந்தால் நிற்கும் என்று நினைத்து இரண்டு நாளாகப் படுத்தே இருக்கிறேன். ஸஹ்லாவிடம் தலைவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று எழுதியதைப் படித்து அழுதேன். அழுதுவிட்டு, ஒரு நிமிஷம், நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என் முகத்தை நானே பார்க்கக் கூடாது போல இருக்கிறது.

மாரியம்மன் கோயிலில் எனக்காக ஒரு நேர்த்தி வையுங்கள். ஃபோன் மட்டும் எடுக்க வேண்டாம். பழனியாண்டி மாமாவுக்குக் கேட்டால் கொத்மலையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். நாற்பது நாள்தான், பொறுத்துக்கொள்கிறேன்.

மேனகா


வெள்ளவத்தை
25.11.2024

அக்காவுக்கு,

இதை எழுதுவதற்கு இப்போதுதான் டாக்டர் அனுமதித்தார். அதுவும் மேசையில் நெற்றியை முட்டுக் கொடுத்துக் குனிந்தபடி எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் நீங்கள் செய்ததை அம்மா எனக்குச் சொன்னார். எல்லாரும் ஊருக்கு வந்து லயம் நிறைந்திருந்த அன்றைக்கு, வீட்டுக்குள் நின்றுகொண்டு, ஸஹ்லாவுக்கு ஃபோன் போட்டுக் கத்தியிருக்கிறீர்கள். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். மலையில் ஏறி நின்று பேசியிருக்கலாம். மெதுவாகவாவது பேசியிருக்கலாம்.

ஸஹ்லா என்னை ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனாள். அடுத்த நாள் கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். திரை பாதிக்கு மேல் கழன்றிருந்தது, பார்வையின் நடுவிடமும் அதோடு போயிருந்தது. உள்ளே இருந்த பசையை எடுத்துவிட்டு, திரையை ஒட்ட வைக்கக் கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். அந்த வாயுக் குமிழி திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் குப்புறப் படுத்தே நாட்கள் போயின. பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கும், தரையில் இருக்கும் டைல்ஸ் தவிர ஒன்றும் தெரியாது.

கடைசியில் டாக்டர் ஊர் எது என்று கேட்டார். லிந்துலை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாயு முழுக்கக் கரையும் வரைக்கும் மலைநாட்டுப் பக்கமே போகக் கூடாதாம். உயரம் போகப் போக வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி மிச்சமுள்ள பார்வையும் போய்விடும் என்றார். இரண்டு மாதம் ஆகுமாம். கல்யாணம் மலையில், பெண் மலை ஏறக் கூடாது. எந்தப் பொய்யை வைத்து இதை மூடுவது?

மூடத் தேவையும் இல்லாமல் போனது. கொத்மலையில் எல்லாம் தெரிந்துவிட்டது, கல்யாணத்தைத் தள்ளி வைப்போம் என்று பழனியாண்டி மாமா மூலம் சொல்லியனுப்பிவிட்டார்கள். யோகராஜ் ஃபோன் எடுப்பதில்லை. இதற்குக் கண்ணே போயிருக்கலாம்.

எனக்குக் கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

மேனகா


லிந்துலை
02.12.2024

அன்புத் தங்கச்சி மேனகாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே நீ வேண்டாம் என்பதைச் செய்துதான் உன்னை வளர்த்தேன்.

வெளியே போய்ப் பேசியிருக்கலாம் என்கிறாய். உன் கடிதம் சாயங்காலம் கையில் கிடைத்தது. வெளியே மழை, அந்த இருட்டில் எனக்குத் தனியாக வழி தெரியாது. உனக்கு மூன்று தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. அம்மாவின் ஃபோனில் ஸஹ்லாவின் நம்பரைத் தேடி எடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவளுக்கு முதலில் கேட்கவில்லை. கத்தினேன். "அவ கண்ணுல திரை விழுந்துருச்சும்மா. தலவலி இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணுதான். இப்பவே தூக்கிட்டுப் போ" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம், மாமா வீட்டில், டீவியைக் குறைத்தார்கள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் இரண்டாம் தடவையும் கத்தினேன்.

பழனியாண்டி மாமா வாசலுக்கு வந்து, கொழும்புக்குப் போக வேன் பிடிக்கவா என்று கேட்டார். கேட்டது மனதார. அதே மனிதர்தான் அடுத்த நாள் பலகாரத் தட்டோடு கொத்மலைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மா செய்ததைக் கேள். மேனகாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால்தான் கல்யாணம் தள்ளிப் போகிறது என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டினார். இந்தக் குளிரில் வேம்பு எங்கே இருக்கிறது? தலவாக்கலையில் மர்சூக் நானாவின் கடையில் சொல்லிக் கீழ்நாட்டிலிருந்து வரவழைத்தார். லயமே அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் கழற்றி எறிந்தேன். அம்மன் பெயரில் பொய் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு வெட்கம் நிறைய இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் கழற்றினேனே, அதற்கு வெட்கம். கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று எழுதினேனே, அதற்கு அதைவிட வெட்கம். என்னை நானே ஒளித்து வைத்தால் நீ தப்பிப்பாய் என்று நினைத்தேன், நீயும் அதைப் பார்த்துத்தான் ஒளிந்துகொண்டாய். அந்த ஃபோனுக்கு மட்டும் எனக்கு வெட்கமில்லை. நாளைக்கே மறுபடி அடிக்க வேண்டி வந்தாலும் அதே இடத்தில் நின்று அடிப்பேன்.

மற்றக் கண்ணையும் பார்த்தார்களா? குனிந்தே இருப்பதால் கழுத்து வலிக்கும், சித்தாலேப்பைத் தைலம் தடவு.

உன் அக்கா,
நாகலெட்சுமி


வெள்ளவத்தை
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இருந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. எழுதக் கூச்சமாக இருந்தது.

குமிழி கரைந்துவிட்டது. ஒட்டிய திரை நிற்கிறது. ஓரமெல்லாம் தெரிகிறது, நடுவில் மட்டும் புகை பிடித்தது போல இருக்கிறது. எழுத்து வளைந்து தெரிகிறது, நீங்கள் சொன்ன கதவு நிலை மாதிரி. இடது கண்ணிலும் இரண்டு இடம் மெலிந்திருந்தது. அதைச் சுற்றி லேசர் சூடு போட்டுவிட்டார்கள். நீங்கள் முதல் கடிதம் எழுதியபோதே போயிருந்தால் வலது கண்ணுக்கும் அவ்வளவோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிகிறது.

போன ஞாயிறு யோகராஜ் வந்தார். ஸஹ்லா கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றாள். வலிக்கிறதா, எவ்வளவு தெரிகிறது, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மைனஸ் ஒன்பது, சோடாப்புட்டி, லேசர், எல்லாவற்றையும். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். கண் விஷயம் தெரிந்ததும் அவருடைய அம்மா நிறையச் சத்தம் போட்டாராம், நான் சமாளித்துவிட்டேன் என்றார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. இத்தனை சுலபமாகப் போய்விடும் என்று தெரியாமல் ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

பிறகு அவர் கேட்டார். "ஒன்னே ஒன்னு கேக்கணும். பரிசத்தன்னைக்கு ஒங்க அக்கா கண்ணாடி இல்லாம நின்னாங்களே, அத கழட்டச் சொன்னது யாரு?"

அம்மா என்று சொல்லியிருக்கலாம். அம்மாவும் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். நீங்களாகவே கழற்றினீர்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன்.

அவர், "எங்க அத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதாங்க. அந்தப் பொண்ணு தடவித் தடவி நெத்தியத் தேடுச்சுடா, பாவமா இருந்துச்சுன்னு சொன்னாங்க. நீங்க கதவுக்குப் பின்னாடி நின்னத நானும் பாத்தேன். கண்ணுக்காக நான் ஒன்னும் யோசிக்கல. எங்க வீட்லயும் வயசானவங்க இருக்காங்க. நாளைக்கு அவங்களுக்கு ஒன்னுன்னா நீங்க என்ன செய்வீங்கன்னுதான் யோசிக்கிறேன்" என்றார். கொண்டு வந்த பழப் பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மெசேஜ் வந்தது, வேண்டாம் என்று, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

கண்ணுக்காக வேண்டாம் என்றிருந்தால் ஊரே எனக்காக அழுதிருக்கும். நானும் அழுதிருப்பேன். இதற்கு யாரிடம் போய் அழுவது? அவர் கேட்டது சரியான கேள்வி. உங்களுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு எழுதியதெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன், எல்லாம் எனக்காக எழுதியது போலவே இருந்தது.

டாக்டர் இனி மலை ஏறலாம் என்றார். பொங்கலுக்கு வரலாமா என்று உங்களைத்தான் கேட்கிறேன், அம்மாவை இல்லை. வர வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
மேனகா


லிந்துலை
09.01.2025

அன்புத் தங்கச்சி மேனகாவுக்கு,

வா. பதின்மூன்றாம் திகதி காலை ரயிலுக்கு ஏறு, தலவாக்கலையில் நான் நிற்கிறேன். ஹட்டனிலேயே இறங்கிவிடாதே, பனியில் பெயர்ப் பலகை தெரியாது, பக்கத்தில் இருப்பவர்களைக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. குளிர் இந்த வருஷம் அதிகம், கம்பளிச் சட்டை கொண்டு வா.

என் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். உன்னை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது, அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நீ நின்றதை நினைத்தால் எரிகிறது, இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டே உனக்குச் சமைத்துப் போடவும் என்னால் முடியும்.

ஆனால் ஒன்று. லயம் முழுக்க அந்தப் பையனைத் திட்டுகிறது. கண் கெட்டுப்போன பெண்ணைக் கைவிட்டுவிட்டான், அவன் குடும்பம் விளங்காது என்று தண்ணீர்ப் பீலியில் சாபம் போடுகிறார்கள். பழனியாண்டி மாமா அவன் பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிறார். அம்மாவும் சேர்ந்து ஒப்பாரி வைக்கிறார், அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. நீ வந்ததும் முதலில் மாமா வீட்டுக்குப் போய், அவன் ஏன் வேண்டாம் என்றான் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். எல்லாரும் உன்னைப் பாவம் பார்த்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு உன்னைப் பேசுவார்கள். பேசட்டும்.

அதைச் சொன்ன பிறகுதான் நான் உன்னோடு பேசுவேன். பெட்டியை மட்டும் ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொள்கிறேன், நீ பாரம் தூக்கக் கூடாது.

உன் அக்கா,
நாகலெட்சுமி